சுருக்காமல் படிக்கச் சொன்னவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைக் கேட்டீங்களா மேடம்?" என்பார். கேட்கவில்லை. ஆகவே இங்கேயும் அவர் சார்தான். மூன்று வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன்.

புத்தூரில் ஆஸ்பத்திரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு தொண்டு அமைப்புக்குச் சொந்தமான மாடியில் இரண்டு அறைகள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களைப் பிரெயில் எழுத்தில் அச்சிட்டு அனுப்புவதுதான் அங்கே வேலை. நான் புத்தகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தமிழில் அடிப்பேன். அதைப் பிரெயிலாக மாற்றி, அச்சிட்டு, விரலால் படித்துப் பிழை பார்ப்பது சார். பிறவியிலேயே அவருக்குக் கண் தெரியாது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவருக்கு ஐம்பதை ஒட்டி இருக்கும்.

முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபேன் காற்றுக்காக ஒரு ஸ்டூலை ஒரு சாண் தள்ளிப் போட்டு உட்கார்ந்துவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். சார் எப்போதும்போல விறுவிறுவென்று அறைக்குள் வந்தார். அவர் முழங்கால் ஸ்டூலில் மோதிய சத்தம் எனக்கு வெளியே கேட்டது.

"யாரு இதை நகர்த்தினது?"

"நான்தான் சார். காத்து வரலேன்னு..."

"என்னைக் கேட்டீங்களா?"

"ஒரு சாண்தானே சார்."

"உங்களுக்கு அது ஒரு சாண். எனக்கு அது சுவர். நேத்து இல்லாத சுவர்."

மன்னிப்புக் கேட்டேன். அதோடு விடவில்லை. அந்த ஸ்டூலைப் பழைய இடத்தில் நானே வைத்து, வைத்துவிட்டேன் என்று நானே வாயால் சொல்லி, அதன்பிறகு அவர் போய்த் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொன்மலை குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரரிடம், "நாளையிலேருந்து போகமாட்டேன், அந்த ஆளு சரியான சிடுமூஞ்சி" என்றேன். அவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சிரித்தார். "எங்க ஷாப்புல ஒரு ஸ்பேனரை இடம் மாத்தி வெச்சா இதைவிட மோசமாத் திட்டு விழும். போயிட்டு வா" என்றார்.

போனேன். போகப்போகத்தான் தெரிந்தது, ஊரில் பாதிப் பேர் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்துகிறவர்கள் என்று.

சார் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, புத்தூருக்கு வேறு பஸ் மாற வேண்டும். ஒருநாள் அவர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஒரு புண்ணியவான் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். சார் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். "நான் ரோட்டைத் தாண்டணும்னு உங்ககிட்ட சொன்னேனா? என்னைக் கேட்டீங்களா?" என்று அங்கேயே நின்று கத்தியிருக்கிறார். உதவி செய்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணுதான் தெரியல, மரியாதையும் தெரியலியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அன்றைக்கு சார் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "மரியாதைன்னா என்னன்னு அவரு நினைச்சிருக்காரு பாருங்க" என்றார்.

தபால் ஆபீஸ் கதையை நானே பார்த்தேன். பிரெயில் புத்தகக் கட்டுகளை அனுப்பத் தபால்தலை தேவையில்லை, இலவசம். கட்டுகள் கனம் என்பதால் நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த புதுப் பையன் சாரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இவரு எங்க அனுப்பணுமாம்?" என்று என்னிடம் கேட்டான்.

"இவருக்கு வாய் இருக்கு" என்றார் சார். "காதும் இருக்கு. என்கிட்ட கேளுங்க. நான் சொல்றேன்."

அந்தப் பையன் முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் பழுத்த வைஷ்ணவர். தங்கமான மனுஷர் என்று சாரே சொல்வார். அந்தத் தங்கமான மனுஷர் ஒருநாள், சார் வேலைக்கு வந்திருந்த நேரத்தில், அவர் அறையில் இருந்த பீரோவை வேறு சுவருக்கு மாற்றி வைத்துவிட்டார். அன்று சாயந்திரம் நெற்றியில் புடைப்போடு சார் கேட்க, "பெருமாள் கிருபையிலே உங்களுக்கு நடக்கறதுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசமா இருக்கட்டுமேன்னுதான் ஸ்வாமி பண்ணினேன். கைங்கர்யமாத்தான் நினைச்சேன்" என்றாராம். மறுநாள் சார் அதை அப்படியே அவர் குரலில் எங்களுக்கு நடித்துக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். சாரும் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "கைங்கர்யத்தையும் கேட்டுட்டுப் பண்ணலாம்" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு, யாரையும் கேட்காமல், யார் கையையும் பிடிக்காமல் வேலை செய்ய முடிந்த ஒரே இடம் அந்த அச்சு அறைதான். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு பிரெயில் பிரின்டரும் இருந்தன. பிரின்டர் தையல் மெஷின் மேஜை அளவு இருக்கும். ஊசிகள் தடித்த தாளில் புள்ளி புள்ளியாக அடிக்கும் சத்தம் சந்து முனைவரை கேட்கும். கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் ஒரு தடிமனான கேபிள் இணைத்தது. அதன் இரண்டு திருகாணிகளையும் சார் வாரத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து முறுக்குவார். கம்ப்யூட்டர் பேசும். நாம் எதை அமுக்கினாலும் மூக்கடைத்த மாதிரி ஒரு இங்கிலீஷ் குரலில் அதைச் சொல்லும். அந்தக் குரல் சொல்லச் சொல்ல சாரின் பத்து விரலும் கீபோர்டில் ஓடும். எனக்கு அந்தக் குரலில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. அவ்வளவு வேகத்தில் வைத்திருப்பார்.

மானிட்டரை அவர் எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். "எனக்கு எதுக்குங்க அது? கரன்ட்டுக்குக் கேடு" என்பார். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் ஒருவர் படபடவென்று தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். அதில் அவருக்கு ஒரு குஷி.

ஒரே ஒரு சிக்கல். சில சமயம் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு பெட்டி தானாக வந்து குதிக்கும். அந்தப் பெட்டியை அந்தக் குரல் படிக்காது. மெஷின் அப்படியே அமைதியாகிவிடும். அப்போது மட்டும் சார் பக்கத்து அறையில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார்.

"மேடம், மெஷின் ஊமையாயிடுச்சு. வந்து படிங்க."

நான் போய் மானிட்டரைப் போட்டு, திரையில் என்ன இருக்கிறதோ அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும். இதற்கென்று எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் ஒருநாள், "ஏதோ அப்டேட்டாம் சார்" என்று சொல்லிவிட்டேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சுருக்காதீங்க. அதுல இருக்கறதைப் படிங்க. சுருக்கறதை நான் பண்ணிக்கிறேன்."

"நிறைய இருக்கு சார்."

"இருக்கட்டும். நீங்க சுருக்கும்போது எதை விடறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதன்பிறகு முழுதாகவே படித்தேன். பெட்டியின் தலைப்பு, உள்ளே இருக்கும் பத்தி, கீழே இருக்கும் பட்டன்கள், அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பது, எல்லாம். என் இங்கிலீஷ் உச்சரிப்பை அவர் திருத்துவார். எனக்கு எரிச்சலாக வரும். படித்து முடித்ததும், "இடது பக்கப் பட்டன்" என்பார், அல்லது "எதையும் அமுக்காதீங்க, எஸ்கேப்" என்பார். அதைச் செய்துவிட்டு, மானிட்டரை அணைத்துவிட்டு நான் வர வேண்டும். மூன்று வருஷத்தில் நூறு தடவையாவது இது நடந்திருக்கும்.

அந்த வருஷம், கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளைச் செய்த கம்பெனியிடமிருந்து ஒரு பெட்டி அடிக்கடி வர ஆரம்பித்தது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிப்பு பழையது, இதற்கு எங்கள் ஆதரவு முடியப்போகிறது, புதுப் பதிப்புக்கு இலவசமாக மாறிக்கொள்ளுங்கள் என்று. ஒவ்வொரு தடவையும் வாசகம் கொஞ்சம் மாறியிருக்கும். பட்டன்கள் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு தடவையும் படித்தேன். ஒவ்வொரு தடவையும் சார் வேண்டாம் என்றார்.

"இந்தப் பிரின்டரைப் புதுப் பதிப்பு ஏத்துக்காது மேடம். விசாரிச்சுட்டேன். பிரின்டரைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. இருக்கற வரைக்கும் இப்படியே ஓடட்டும். பேசாம ஒருநாள் நெட் கேபிளைப் பிடுங்கிடணும். இதுக்கு எதுக்கு நெட்டு?"

பிடுங்கவில்லை. பள்ளிக்கூடங்களிலிருந்து பாடங்கள் மெயிலில்தான் வந்தன.

அது ஒரு வெள்ளிக்கிழமை. தவக்காலம். சாயந்திரம் பொன்மலையில் எங்கள் கோவிலில் சிலுவைப்பாதை. அன்று பதினாலு ஸ்தலங்களில் ஒன்றுக்கான ஜெபத்தை நான் வாசிக்க வேண்டும். நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும். பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அப்போது சார் கூப்பிட்டார். "மேடம், மெஷின் ஊமையாயிடுச்சு. வந்து படிங்க."

போய் மானிட்டரைப் போட்டேன். அதே பெட்டி. இந்தத் தடவை திரை முழுக்க இருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பட்டன்.

"என்ன போட்டிருக்கு?"

"வழக்கமா வர்றதுதான் சார். ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லிக்கொண்டே அந்த நீலப் பட்டனை அமுக்கினேன். பெட்டி போய்விட்டது. மானிட்டரை அணைத்தேன். பஸ் கிடைத்தது. கோவிலில் தடுமாறாமல், ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன்.

திங்கட்கிழமை காலையில் நான் மாடி ஏறும்போதே சாரின் குரல் கேட்டது. கம்ப்யூட்டர் வேறு மாதிரி சத்தம் போட்டுத் திறக்கிறது. பேசும் குரல் மாறியிருக்கிறது, பாதி இடத்தில் பேசவே மாட்டேன் என்கிறது. பிரின்டர் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் இரண்டாம் பாகம் அச்சாகாமல் கிடக்கிறது. சார் அந்தத் தடிமனான கேபிளைக் கழற்றி, ஊசி ஊசியாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மேடம், வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?"

"தெரியலியே சார்" என்றேன். "தானாவே மாறியிருக்கும்போல. இப்பல்லாம் கேக்காமலே மாத்திடறாங்களாம்."

இந்த வரியைப் பத்து வருஷமாக மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறேன். எவ்வளவு லேசாக வந்தது! யோசிக்கவே இல்லை. அந்த மென்பொருள் கம்பெனி கேட்காமல் செய்யக்கூடியதுதான், அதன் மேல் போட்டால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று என் நாக்குக்குத் தெரிந்திருந்தது.

சார் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? பிறந்ததிலிருந்து அவருக்கு நடந்ததெல்லாம் அதுதானே. நாலு நாள் போனிலேயே இருந்தார். எங்கோ ஒரு ஊரில் இருந்த உதவி மையத்துப் பெண்ணிடம், "எங்களைக் கேக்காம எங்க மெஷினை மாத்த உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?" என்று இங்கிலீஷில் கத்தினார். அந்தப் பெண், நீங்கள் சம்மதம் கொடுத்திருப்பீர்கள் என்று சொன்னாள். "இல்ல! எங்கள்ள யாரும் கொடுக்கல! எனக்கு என் ஆபீஸைத் தெரியும்!" என்றார். நான் பக்கத்து அறையில் ஏழாம் வகுப்புத் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். கம்பெனிக்கு. நகல் தென்னூரில் இருந்த எங்கள் அமைப்பின் செயலாளருக்கு. "எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், எங்கள் சம்மதம் இல்லாமல்" என்று ஆரம்பித்தது அந்தக் கடிதம். நான்தான் அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன். கீழே அவர் கையெழுத்துப் போட, பேனா முனையைச் சரியான இடத்தில் வைத்துக் காட்டியதும் நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினால் பதினோராம் நாள், செயலாளர் ஒரு டெக்னீஷியனை அனுப்பினார். நல்ல பையன். மானிட்டரைப் போட்டுப் பத்து நிமிஷம் பார்த்தான்.

"புதுப் பதிப்பு ஏறியிருக்கு சார். பிரின்டரை இது சப்போர்ட் பண்ணாது. பழைய பதிப்புக்கே திரும்பப் போகலாம், ஆனா பத்து நாளைக்குள்ள போயிருக்கணும். நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"பத்து நாளா? அதை யாரு சொன்னா? எங்க எழுதியிருக்கு?"

"அந்தப் பெட்டியிலயே போட்டிருப்பாங்களே சார், சம்மதம் கேக்கும்போது."

"எங்ககிட்ட சம்மதமே கேக்கலியே தம்பி."

"இல்லீங்களே சார். சம்மதம் கொடுத்ததா இதுல பதிவாயிருக்கு. போன வாரத்துக்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு அம்பதுக்கு."

சார் முகம் என் பக்கம் திரும்பியது. நான் எங்கே நிற்கிறேன் என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

"மேடம்?"

"நான்தான் சார்" என்றேன். "நான்தான் அமுக்கினேன்."

திட்டு விழும் என்று நின்றேன். விழ வேண்டும் என்று நின்றேன். "என்னைக் கேட்டீங்களா?" என்ற அந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அதை அவர் கேட்கவில்லை.

"அன்னிக்கு அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியாது சார். படிக்கல."

தலையை ஆட்டினார். பிரின்டரின் மேல்மூடி திறந்திருந்தது. அதை மெதுவாக மூடினார். டெக்னீஷியன் பாவம், என்ன நடக்கிறது என்று புரியாமல், பழைய பதிப்பை வேறு வழியில் ஏற்றிப் பார்க்கலாமே என்றான். ஏற்றலாம்தான். ஆனால் தமிழைப் பிரெயிலாக மாற்றும் மென்பொருளை மறுபடி ஏற்ற ஒரு அனுமதி எண் வேண்டும். அதைக் கொடுத்தவர்கள் கடையை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன.

எனக்கு என் மேல் வந்த கோபத்தைப் பற்றிச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தக் கம்பெனி மேல் வந்த கோபமும் இன்னும் ஆறவில்லை. அந்தப் பிரின்டரில் ஒரு ஊசி மழுங்கவில்லை. ஒரு பல்சக்கரம் தேயவில்லை. வெள்ளிக்கிழமை மூணே முக்காலுக்குத் தொண்ணூறு பக்கம் அடித்துவிட்டு நின்ற மெஷின் அது. எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்த யாரோ, இனி இதற்கு ஆதரவு இல்லை என்று முடிவு செய்கிறார். திங்கட்கிழமை காலையில் புத்தூரில் அது இரும்பாகிவிடுகிறது. இதற்கு ஆதரவு இல்லை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! நாங்கள் ஆதரவா கேட்டோம்? சும்மா விட்டால் போதும் என்றுதான் கேட்டோம். மாறு மாறு என்று மாசக்கணக்கில் பெட்டிமேல் பெட்டியாக அனுப்பி, படிக்கிறவளுக்கு என்றைக்கு அலுக்கும் என்று காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸுக்கு நேரமாகும் ஒருத்தி உலகத்தில் எங்கேயாவது இருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் சார் இன்னொரு கடிதம் சொன்னார். இரண்டே வரி. "எங்கள் முந்தைய கடிதத்தில் சம்மதம் இல்லை என்று எழுதியது தவறு. சம்மதம் எங்கள் பக்கத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது."

அடித்துவிட்டு, "யாரு கொடுத்ததுன்னு எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். எங்கள் பக்கம்னாப் போதும்."

அவர் சுருக்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

செயலாளர் கூட்டம் போட்டார். "பழசையே கட்டிக்கிட்டு அழாதீங்க. கடவுளாப் பார்த்து ஒரு வழி விட்டிருக்காரு" என்றார். ஒரு நன்கொடையாளர் புதுக் கம்ப்யூட்டர்களும், சின்னதாகப் புதுப் பிரின்டரும் வாங்கிக் கொடுத்தார். பழைய பிரின்டரை நாலு பேர் சேர்ந்து மாடியிலிருந்து இறக்கி, காயலான் கடை வண்டியில் ஏற்றினார்கள். புது மென்பொருளில் எல்லாம் படம் படமாகப் பட்டன்கள். பேசும் குரல் ஒவ்வொன்றுக்கும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. எந்தப் பட்டன் என்று சொல்லவில்லை. கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் அடிக்கும் மென்பொருள் அது! அதைக் கண் தெரிந்தவர்தான் ஓட்ட முடியும். இதை வடிவமைத்தவனுக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், சாருக்குப் பக்கத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்க வேண்டும்.

அச்சு வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஆமாம், எனக்குத்தான். சாரின் நாற்காலி, சாரின் மேஜை. "அவரு பிழை மட்டும் பார்த்தாப் போதும், நீங்க அச்சடிச்சு அவர் கையில கொடுத்துடுங்க" என்றார் செயலாளர். சாரை யாரும் கேட்கவில்லை. அவர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இது காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

மூன்று வாரம் இருந்தார். ஒரு தாள் சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ளக்கூட, "மேடம், விழுந்துச்சா?" என்று கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. ஒருநாள் நான் ஏதோ ஞாபகத்தில் குப்பைக்கூடையை அவர் நடக்கும் வழியில் வைத்துவிட்டேன். இடித்துக்கொண்டார். குனிந்து தடவி, அவரே ஓரமாக நகர்த்திவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் பாத்ரூமில் போய் அழுதேன். அந்த வாரம் வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தைப் பிரெயிலில் எழுதி என் மேஜையில் வைத்தார். கையால், ஊசியால், புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தார். செயலாளருக்கு அதைப் படிக்கத் தெரியாது. மூன்று வருஷத்தில் பிரெயிலைக் கண்ணால் பார்த்துப் படிக்கப் பழகியிருந்த நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. முழுசாகப் படித்தேன்.

பத்து வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். சென்ற மாதம் அந்தப் புதுக் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டி வந்தது. புதுசு என்று பழக்கத்தில் சொல்கிறேன். அதற்கும் வயசாகிவிட்டதாம். இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிகிறது, அடுத்த பதிப்பை ஏற்க உங்கள் கம்ப்யூட்டருக்குத் தகுதி இல்லை, வேறு வாங்குங்கள் என்கிறது. எந்தக் கம்ப்யூட்டருக்கு இடம் விட்டு சார் வெளியே போனாரோ, அந்தக் கம்ப்யூட்டருக்கே தகுதி இல்லையாம். செயலாளர் வேறு ஆள். ஆனால் போனில், "பழசைக் கட்டிக்கிட்டு அழாதீங்கம்மா" என்று அச்சு அசலாக அதையே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்துபோய் நெட் கேபிளைப் பிடுங்கினேன். பெட்டி போகவில்லை. திரையில் அப்படியே நின்றது.

சாரின் நம்பர் என் போனில் இருந்தது. பத்து வருஷமாக இருந்தது. அமுக்கினேன்.

"சொல்லுங்க மேடம்" என்றார். என் குரல்கூட அவருக்குத் தேவைப்படவில்லை, அல்லது நம்பரை அவர் போன் படித்திருக்கும். நலமா என்று விசாரிக்க வாய் வரவில்லை. "சார், ஒரு பெட்டி வந்திருக்கு" என்றேன்.

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"படிங்க" என்றார்.

படித்தேன். தலைப்பு, பத்தி, அதற்குக் கீழே இன்னொரு பத்தி, பொடி எழுத்து. ஒரு இடத்தில் உச்சரிப்பைத் திருத்தினார். முடித்ததும், "பட்டன்?" என்றார்.

"ரெண்டு சார். 'இப்போ'ன்னு ஒண்ணு. 'அப்புறம் ஞாபகப்படுத்து'ன்னு ஒண்ணு."

"வேண்டாம்னு?"

"இல்ல சார். எங்கயும் இல்ல. தேடிப் பார்த்துட்டேன்."

"ம்" என்றார். பிறகு, "அன்னிக்கு?" என்றார்.

இதற்காகத்தான் போன் செய்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு இருந்துச்சு சார். நீங்க போனப்புறம் எங்க கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அதே பெட்டி வந்துச்சு. உக்காந்து முழுசாப் படிச்சேன். வலது பக்கம் கீழ, பொடி எழுத்துல, வேண்டாம்னு போட்டிருந்துச்சு. அந்தப் பத்து நாள் கணக்கும் இருந்துச்சு. பத்து நாளைக்குள்ள பிடிக்கலேன்னா பழையபடி திரும்பிக்கலாம்னு, நாலாவது வரியில."

அவருக்குப் பின்னால் ஒரு பஸ் கிளம்பிப் போனது.

"இதைத்தான் மேடம் நான் அன்னிக்குப் படிக்கச் சொன்னேன்" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.